என்ன கலர் கேட்டாங்க?

யாஸ்மின் ஸ்பூனைக் கணவர் உதட்டில் வைத்துச் சாய்த்தாள். தண்ணீர் உள்ளே இறங்காமல் கடைவாய் வழியே வழிந்து தலையணையை நனைத்தது.

"தண்ணி ஊத்து," என்றார் முஸ்தபா மறுபடியும்.

"ஊத்தறனுங்க. வாயைத் தொறங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிறுநீரகங்கள் இரண்டும் நின்றுபோய்விட்டன, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். காலையிலிருந்து அவர் நினைவு எங்கேயோ இருந்தது. வலது கை மட்டும் ஓயாமல், கட்டிலை ஒட்டி நின்ற பீரோவின் பக்கத் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தது. விரல் முட்டிகளில் தோல் உரிந்துவிட்டது.

எஸ்.டி.டி. பூத்தைப் பூட்டிவிட்டு ஓடி வந்திருந்த மகன் அனீஸ் அந்தக் கையைப் பிடித்து அவர் மார்பில் அழுத்தினான். "சும்மா படுங்க அத்தா... அம்மா, ஒரு துண்டு குடுங்க, கட்டிப்போடலாம். ரத்தம் வருதுங்க."

"காயுது," என்று முனகினார் முஸ்தபா. "தண்ணி ஊத்து..."

துண்டு எடுக்கப் போன யாஸ்மின் நின்றாள். உக்கடத்தில் அவர் வைத்திருந்த கார் பெயிண்ட் பட்டறையில் கேட்ட குரல் அது. ஒடுக்கு விழுந்த கார்க் கதவில் குழியை நிரப்பப் பட்டி பூசி, இறுகியதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

"கையை உடு கண்ணு," என்றாள்.

ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வந்து, பீரோத் தகட்டில், அவர் விரல்களுக்கு மேலே மெல்லச் சாய்த்தாள். தண்ணீர் விரலிடுக்கில் இறங்கி மெத்தையில் ஊறியது.

"ஏனுங்கம்மா, என்ன பண்றீங்க?"

முஸ்தபாவின் நெற்றிச் சுருக்கம் கலைந்தது. கை அவசரம் விட்டு வட்டம் வட்டமாகச் சுற்றியது. ஜன்னல் வெயிலில் தூசி வெளுப்பாக மிதந்தது. கட்டிலும் சுவரும் எங்கோ விலகிப்போய், இரண்டு பேரும் ஒரு வண்டியின் நிழலில் குத்தவைத்திருப்பதுபோல் இருந்தது யாஸ்மினுக்கு.

அவர் அவள் கையைத் தேடிப் பிடித்துத் தகட்டில் வைத்தார். "கண்ணை மூடிட்டுத் தடவு. குழி தெரியுதா?"

கண்ணை மூடித் தடவினாள். சில்லென்றிருந்தது. "இல்லீங்க. சமமா இருக்குது."

"அப்ப பிரைமர் அடிச்சுரலாம்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "என்ன கலர் கேட்டாங்க?"

அனீஸ் அம்மாவைப் பார்த்தான்.

"கத்திரிப்பூ கலருங்க."

"காருக்கா?" உதட்டோரம் அசைந்தது. "யாரு கேட்டது?"

"நாந்தானுங்க."

"செரி... அடிச்சுப்போடலாம்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அனீஸ் குனிந்து காதருகில் கலிமா சொல்லிக்கொண்டிருந்தான். சொம்பு காலியாவதற்குள் கை நின்றுவிட்டது. யாஸ்மின் மீதித் தண்ணீரையும் ஊற்றி முடித்தாள்.

மாலை அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம். அனீஸ் திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து சோறும் பருப்பும் வந்திருந்தன. வந்தவர்கள் போய், தாயும் மகனும் மட்டும் தட்டின் முன் உட்கார்ந்தார்கள்.

"அத்தா கேட்டது உங்களுக்கு எப்படிங்கம்மா புரிஞ்சுது?"

"கண்ணாலமான புதுசுல பட்டறையில வேற ஆளு இல்ல. நாந்தான் தண்ணி ஊத்துவேன். ஒரு பியட் காரு. மழைக்காலம் பூரா அதைத்தான் தேச்சோம்."

"அது என்ன கலருங்க?"

"தெரியலையே கண்ணு. பிரைமர் அடிச்ச அன்னிக்கு மயக்கம் போட்டு உழுந்துட்டேன். நீ வயித்துல இருந்தே. அப்பறம் என்னைப் பட்டறைப் பக்கமே உடலை. நான் பாத்தப்ப வெறும் பிரைமர்தான், சாம்பலாட்டம் இருந்துச்சு."

அனீஸ் சோற்றில் கை வைத்தபடியே இருந்தான். யாஸ்மின் பருப்புக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்புடு. ஆறுது."