விளிம்பில் நின்ற அம்மன்

பள்ளிப் பேச்சுப் போட்டிக்காக சண்முகப்பிரியா குவார்ட்டர்ஸ் கூடத்தையே மேடையாக்கியிருந்தாள். மனிதனால் கருந்துளையை உண்டாக்க முடியுமா என்பது தலைப்பு. பூமி மொத்தத்தையும் ஒரு நெல்லிக்காய் அளவுக்கு நசுக்கினால் உண்டாகிவிடும் என்றாள். நிலக்கரி மைன்ஸில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டுகிறவன் அவள் அப்பா ஜெயப்பிரகாஷ். மற்ற நாளாக இருந்தால், எங்கள் வண்டியைக் கொண்டுவரட்டுமா என்று கேலி செய்திருப்பான். இன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சாமி அலமாரியில் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பிடி மண் இருந்தது. அவன் மனைவி மலர்கொடியின் ஊரை மைன்ஸுக்கு எடுத்துக்கொண்டார்கள். சனங்கள் குடியேறிய இடத்தில் நாளை அம்மனுக்குப் புதுக்கோயில் பூசை. பழைய கோயிலின் பிடிமண் போய்ச் சேர்ந்தால்தான் அம்மன் வருவாள். மைன்ஸ் வேலிக்குள் போகக்கூடியவர் மாப்பிள்ளைதானே என்று அவனிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

அவனும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினான். முந்தாநாள் அவனுடைய வண்டியே கோயிலடிக்கு வந்துவிட்டது. நிறுத்தி, இறங்கி, ஒரு பிடி அள்ளியிருக்கலாம். பக்கத்தில் புதிதாக வந்த என்ஜினியர் நின்றார். சிரிப்பாரே என்று கூச்சம், வேறொன்றுமில்லை. கோயில் என்றிருந்த வேப்பமரமும் மேடையும் மண்ணோடு மண்ணாக, வெட்டிய மண்ணைக் கொண்டுபோகும் பெல்ட்டில் போய்விட்டன. துணியில் இருப்பது குவார்ட்டர்ஸ் குழாயடி மண்.

கருந்துளையின் பக்கத்தில் போகவே இன்றைய ராக்கெட்டுக்குக் கோடி வருஷம் பிடிக்கும் என்றாள் மகள். அப்படியே ஒருவன் போய் விழுந்தாலும், தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவன் விளிம்பிலேயே நிற்பதுபோல்தான் தெரியுமாம்.

மலர்கொடி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நெசமா அவன் எங்க இருப்பான்?"

"அவன் எப்பவோ உள்ள போயிருப்பாம்மா. பாக்கறவங்களுக்குத்தான் தெரியாது."

ஜெயப்பிரகாஷ் தட்டை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனான்.

"மலரு, அது கோயில் மண்ணு இல்ல. கோயில நானே வெட்டிட்டேன்."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. அடுப்பை அணைத்தாள்.

"எங்கம்மாவுக்குத் தெரிய வேணாங்க. அது இந்தப் பூசைக்காகத்தான் உசுர வெச்சிகினு இருக்குது."

மறுநாள் புதுக்கோயிலில் அவள்தான் முடிச்சை அவிழ்த்தாள். அவன் மாமியார் கலியம்மாள் அந்த மண்ணைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கொஞ்சம் எடுத்து மருமகனின் நெற்றியில் பூசினாள்.

"எங்க ஆத்தாள கைவிடாம கொண்டாந்து சேத்துட்டீங்க மாப்ள."

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். மலர்கொடி அவன் பக்கமே திரும்பாமல், எல்லோரையும்விட உரக்கக் குலவை போட்டுக்கொண்டிருந்தாள்.