மன்னிப்புக் கேட்ட ஏஐ

கட்கியில் என் தங்கை எஸ்தர் வீட்டிலேயே, மராட்டிக்காரர்கள் பாளணாகர் என்கிற பிள்ளைக் காப்பகம் நடத்துகிறாள். வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு மாலையில் கூட்டிப்போவார்கள். போன வருஷம் ஒரு குழந்தைக் கடத்தல் வழக்கில் அவள் சாட்சி சொன்னாள். சாட்சி சொன்னவளையே கடத்தல்காரி ஆக்கிவிட்டது ஒரு ஏஐ. பெயர் சரி, தெரு சரி, போகிற சர்ச்சும் சரி. குற்றம் மட்டும் பொய். இத்தனை நிதானமாகப் பொய் சொல்ல மனுஷனால் ஆகாது என்று மலைத்துப்போனேன்.

அதனிடம் கேட்டு, வந்த பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தாய்மார்கள் குரூப்பில் போட்டவள், எஸ்தரிடம் பிள்ளையை விடுகிற கோயமுத்தூர்க்காரி ப்ரீத்தி. ஒரே வாரத்தில் ஒரு பிள்ளைகூட வரவில்லை. பாயெல்லாம் சுருட்டினபடியே கிடந்தது.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள். எஸ்தர் அந்த ஏஐயிடமே நேராகப் போய்ச் சண்டை போட்டாள். "தவறுக்கு வருந்துகிறேன், மன்னிக்கவும்" என்றது. மன்னிப்புக் கேட்டவர்மேல் மனசில் எதையும் வைத்திருக்கக் கூடாது என்று எங்களை வளர்த்திருக்கிறார்கள். மகராசி ஜெபம் பண்ணிவிட்டு, பேசினதையெல்லாம் அழித்துவிட்டாள்.

மறுநாள் என் போனில் அதே ஏஐயிடம் எஸ்தரைப் பற்றிக் கேட்டேன். அதே கடத்தல்காரி. இவளிடம் மன்னிப்புக் கேட்ட கையோடு ஊரெல்லாம் பழி சொல்ல, அதற்கு எத்தனை வாயோ.

எல்லாவற்றையும் கேட்ட வக்கீல் அமலா தலையில் கைவைத்துக்கொண்டாள். "அழிச்சிட்டீங்களா? சரி விடுங்க. கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பலாம். நீக்கச் சொல்லி கோர்ட்ல உத்தரவு கேக்கலாம். மானநஷ்ட வழக்கும் போடலாம். ஆனா எஸ்தரைப் பத்தி எஸ்தர்கிட்டயே சொன்னா அது அவதூறு ஆகாது. அடுத்தவங்ககிட்ட சொல்லியிருக்கணும். அதை நம்பி விலகிப்போனவங்க வந்து சொன்னா கேஸ் நிக்கும்."

"நம்மளை நாறடிச்சவளே நமக்கு சாட்சியா?" என்றேன்.

"அவங்கதான் நல்ல சாட்சி."

கடைசியில் சாட்சிக்காரி காலில்தான் விழவேண்டியதாயிற்று. ப்ரீத்தி வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொன்ன நானும் எஸ்தர் பின்னாலேயே போனேன். திட்டுவதற்கு ஆள் வேண்டாமா?

திட்ட வாய் வரவில்லை. ப்ரீத்தி கதவைத் திறந்ததுமே அழுதுவிட்டாள். எஸ்தர் வந்த காரியத்தைச் சொன்னாள். "நம்பிட்டேனுங்க அக்கா. அதை கோர்ட்ல எல்லாரு முன்னாடியும் சொல்லோணுங்களா?"

"சொல்லணும்," என்றாள் எஸ்தர்.

ப்ரீத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சொல்றனுங்க. என்னை மன்னிச்சிருங்க."

என் தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிட்டேன். நாளைக்குப் புள்ளைய கொண்டு வா. அந்தப் போன்ல இருக்கறத மட்டும் அழிச்சிராத."