தாளிப்புச் சுவர்

அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவர் ஒரு காலத்தில் வெள்ளை. இப்போது அதன் நிறத்துக்குப் பெயர் இல்லை. போன தடவை வந்திருந்த நாத்தனார் அதை விரலால் தடவி, விரலை முகர்ந்து, "இதைச் சுரண்டினா ஒரு வாரத்துக்குத் தாளிக்கலாம் போலிருக்கே" என்றாள். அதோடு விட்டிருந்தால் போகட்டும். உறவு முழுக்கச் சொல்லிவிட்டாள். தாளிப்புச் சுவர் என்று பேராகிவிட்டது. இவளுடைய சொந்தச் சித்தியே போனில் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மறுபடி வருகிறாள். அதற்குள் சுவர் வெளுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பேர் இவளோடு காடு வரைக்கும் வரும்.

"நான் அடிச்சுத் தர்றேன்" என்றான் புருஷன். போன வருஷம் இதே அக்கா வீட்டுச் சமையலறைக்குப் பெயின்ட் அடித்தவன். அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் சுவரைத் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்குவான்.

"முதல்ல கழுவணும்ங்க."

"எதை?"

"சுவரை. எண்ணெய் மேல அடிச்சா ஒட்டாது."

"பெயின்ட் எதுக்கு இருக்கு? மறைக்கத்தானே? கழுவினா அப்புறம் மறைக்க என்ன இருக்கு?"

இவ்வளவு முழுமையான முட்டாள்தனத்தில் பதில் நுழைய இடுக்கு இருக்காது.

அவன் பிரஷ் வாங்கப் போன நேரத்தில் இவள் வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்தாள். முதலில் மேலிருந்து கீழே தேய்த்தாள். அழுக்குத் தண்ணீர் வழிந்து, காய்ந்த சுவரில் கோடு கோடாகப் பதிந்தது. கோட்டின் மேல் எத்தனை தேய்த்தும் கோடு போகவில்லை. பிறகு கீழிருந்து மேலே தேய்த்தாள். அப்போது கோடு விழவில்லை. நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாக உரசினாள்.

சுவர் முழுவதும் அல்ல. ஜன்னலை ஒட்டி, தோள் உயரத்தில், வலது பக்கம் மட்டும். நாத்தனாரின் விரல் எப்போதும் அங்கேதான் போகும். மிச்சத்தை வேண்டுமென்றே விட்டாள். வாய்தான் இருக்கிறதே அவனுக்கு, அதுவே ஒட்டவைக்கட்டும்.

அவன் அடித்தான். இடது பக்கம் பெயின்ட் தாமரை இலைத் தண்ணீராகத் திரண்டு நின்றது. மேலும் அடித்தான். மஞ்சள் எட்டிப் பார்த்தது. மறுபடி அடித்தான்.

"இந்தக் கம்பெனி சரியில்லை. ஈரக்காத்து வேற."

வலது பக்கம் மட்டும் பால் போல இருந்தது. அதற்குக் காரணம் தன் மணிக்கட்டு என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் போனில் பேசிக்கொண்டே நேராகச் சமையலறைக்கு வந்தாள். போன் வலது கையில் இருந்தது. இதை இவள் கணக்கில் எடுக்கவில்லை. நீண்டது இடது கை, தொட்டது சுவரின் இடது பக்கம்.

பெயின்ட் வெந்த தோலாகச் சுருண்டு, நாத்தனாரின் விரலோடு வந்துவிட்டது. அடியில் பழைய தாளிப்பு அப்படியே பளபளத்தது.

"அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தாள் நாத்தனார். விரலில் தொங்கியதைத் தூக்கிப் பிடித்தாள். "என்னம்மா இது, ஆடை கட்டியிருக்கு?"

"மட்டமான பெயின்ட் அக்கா" என்றான் அவன்.

வாய் திறக்கக் கூடாது என்றுதான் இவள் நினைத்திருந்தாள். ஆனாலும் திறந்துவிட்டது. "அண்ணி, அந்தப் பக்கம் தொட்டுப் பாருங்க. அதே டப்பாதான். அதே பிரஷ்தான்."

நாத்தனார் தொட்டாள். தேய்த்தாள். நகத்தால் கீறினாள். எதுவும் வரவில்லை.

"இது யார் அடிச்சது?"

"நான்தான்" என்றான் அவன்.

"அவர்தான் அடிச்சார். சோடா போட்டுக் கழுவினது நான்."

இவள் அடுத்த பட்டப்பெயருக்குத் தயாராக நின்றாள். நாத்தனார் தம்பி பக்கம் திரும்பினாள்.

"டேய். என் வீட்டுலயும் கழுவலையா நீ?"

அவன் டப்பாவின் மூடியைத் தேடினான்.

"அடுப்புக்கு மேல மஞ்சளா படருதே, அது டிசைன்னு சொன்னியே. புது மாதிரின்னு. நான் எதிர்வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வந்து காட்டினேன்டா. அவளும் அதே மாதிரி வேணும்னு கேட்டா."

இவள் சிரிப்பை அடக்க, காலியாக இருந்த சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"அக்கா, ஒரு முக்கியமான போன் பண்ணணும்..." அவன் வாசல் பக்கம் நகர்ந்தான்.

"கழுவுற மீன்ல நழுவுற மீன்டா நீ. சுவர்னாலும் அதே கதை. வா இங்க." நாத்தனார் வளையலைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். இவளைப் பார்க்காமல் கேட்டாள்: "சோடா எங்கம்மா இருக்கு? எவ்வளவு போடணும்?"

இவள் சொன்னாள். தாளிப்புச் சுவர் என்ற பேச்சு அதற்கப்புறம் நாத்தனார் வாயில் வரவில்லை. வந்தால் எதிர்வீட்டுக்காரிக்கு ஒரு போன் போதும். அது இருவருக்கும் தெரியும்.

மூவருமாகப் பெயின்டைச் சுரண்டி எடுத்தார்கள். அவன் ஸ்பாஞ்சைச் சோடாத் தண்ணீரில் முக்கி, கையை உயர்த்தி, உச்சியிலிருந்து தேய்க்க ஆரம்பித்தான். கறுத்த தண்ணீர் கோடு கோடாக இறங்கியது.

இவள் சொல்ல வாயெடுத்தாள். நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"இதுவும் டிசைனா?"