மன்றத்துக் கதவு

நகர மன்றக் கூடத்தின் கதவு ஒழுங்காக மூடாது. கீல் தளர்ந்துவிட்டது. எவ்வளவு அழுத்திச் சாத்தினாலும் தானாகவே உள்பக்கம் திறந்துகொண்டு பல்லிளிக்கும். வெளிப்பக்கக் கைப்பிடி எப்போதோ கழன்று போயிற்று. நான் தச்சன். மத்தியானத்துக்குள் முடிகிற வேலை அது. காசு வேண்டாம், சும்மாவே செய்து தருகிறேன் என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன். என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. அவள் மன்ற உறுப்பினர்.

"இன்னைக்குச் சும்மா கதவு செஞ்சு குடுப்பீங்க. நாளைக்கு நாற்காலி வாங்கணும்னு பேச்சு வரும்போது எல்லாருக்கும் உங்க மூஞ்சிதான் ஞாபகம் வரும். வேண்டாங்க."

ஆக, தச்சனைக் கட்டிக்கொண்ட புண்ணியவதி ஊரிலேயே மோசமான கதவு வழியாகப் போய் வந்துகொண்டிருந்தாள். இதைச் சொல்லி நான் சிரிக்காத ஆள் கிடையாது.

பிறகு எங்கள் தெருவை அகலப்படுத்தும் பேச்சு வந்தது. ஒரு பக்கத்தை இடித்தால் போதும். இந்தப் பக்கம் என்றால் என் பட்டறை போகும், எதிர்ப்பக்கம் என்றால் தையற்காரர் கடை போகும். ரம்பம் போடுகிற சத்தத்துக்குப் பயந்து எனக்கு வேறு யாரும் இடம் தரமாட்டார்கள். பட்டறை போனால் என் பிழைப்பும் போயிற்று. தலைவர் நீங்கலாக உறுப்பினர்கள் ஏழு பேர். மூன்று பேர் அந்தப் பக்கம், மூன்று பேர் இந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். மிச்சம் இருந்தது ஒரே கை. அது எனக்குத் தினமும் காலையில் காபி ஆற்றிக் கொடுக்கிற கை.

மன்றம் முடிவெடுக்கிற நாளன்று காலை காபியை வாங்கிக்கொண்டே, "ஞாபகம் இருக்கில்ல?" என்றேன்.

"இருக்கு" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கூடத்தில் பொதுமக்கள் உட்காரும் பெஞ்சில் தையற்காரர் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். யாரைப் பார்த்தாலும் கண்ணாலேயே அளவெடுக்கிற மனிதர், அன்று தரையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. "உங்களுக்கென்ன அண்ணே, வீட்டம்மாவே உள்ள இருக்காங்க" என்றார். நான் பரிதாபப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. தன் வீட்டு விஷயம் வந்தால் அந்த உறுப்பினர் முதலில் எழுந்து உருக உருகப் பேசுவார். கை தூக்கும் நேரத்தில் மட்டும் நல்ல பிள்ளையாக வெளியே போய்விடுவார். இதற்குத் தண்ணீர் குடிக்கப் போவது என்று பெயர். அவர் நிழல் கதவிடுக்கில் தெரிய, எல்லாரும் அதைப் பார்த்தபடியே கை தூக்குவார்கள்.

தலைவர் விஷயத்தைப் படிக்க ஆரம்பித்ததுமே என் மனைவி எழுந்துவிட்டாள்.

"என்னம்மா, இப்பவேவா தண்ணி?" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள்.

"தாகம் இல்லீங்க. அது என் வீட்டுக்காரர் பட்டறை. இது முடியற வரைக்கும் நான் இங்க இருக்கக் கூடாது."

"சரிம்மா, உங்க பக்கத்து நியாயத்தையாவது சொல்லிட்டுப் போங்க. நாங்க கேட்டுக்கறோம்."

"நீங்க கேட்டுக்குவீங்கன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்லல."

வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கட்டினவன் இங்கே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று பல்லைக் கடித்தேன்.

கதவு வழக்கம்போலத் திறந்துகொண்டது. வெளியிலிருந்து இழுத்தாள். மறுபடி திறந்தது. மறுபடி இழுத்தாள். அப்புறம் கதவு அசையவில்லை. பார்த்தேன். கதவின் விளிம்பைச் சுற்றி அவளுடைய நான்கு விரல்கள் உள்பக்கம் தெரிந்தன. விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே வரைபடத்தை விரித்துப் பேச்சு நீண்டது. அந்தக் கதவின் கனம் எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்திலேயே தோள் கழன்று விழும். விரல்கள் வெளுத்தன, நடுங்கின, ஆனால் விடவில்லை. கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இவள் இவ்வளவு பெரியவள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். தையற்காரரும் பார்த்துவிட்டார். "அண்ணே, அவங்க கை..." என்று ஆரம்பித்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். உறுப்பினர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கதவைப் பார்க்க எல்லாருக்கும் கூச்சமாக இருந்தது. வேறு வழியில்லாமல் வரைபடத்தைப் பார்த்தார்கள்.

மூன்றுக்கு மூன்று. முடிவு தலைவர் கைக்குப் போயிற்று. எதிர்ப்பக்கத்தில் குடிநீர்க் குழாய் ஓடுகிறது, அதைத் தொட்டால் தெருவே தண்ணீருக்குத் திண்டாடும், அதனால் இந்தப் பக்கத்தையே இடிக்கலாம் என்றார். எனக்கே அது நியாயமாகப் பட்டது. அதுதான் வயிற்றெரிச்சல்.

எழுந்து போய்க் கதவை இழுத்தேன். வரவில்லை.

"முடிஞ்சிடுச்சு, விடு."

"நீங்க சொன்னா ஆச்சா? தலைவர் கூப்பிடட்டும்" என்றாள் வெளியிலிருந்து.

தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து கதவு வரைக்கும் வந்தார். "முடிஞ்சுதும்மா. உள்ள வாங்க" என்றார். அவர் அப்படி எழுந்து வந்து நான் பார்த்ததில்லை.

கதவு திறந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"பட்டறை போச்சா?"

"போச்சு."

அவ்வளவுதான், அங்கேயே நின்று அழுதுவிட்டாள். கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல்களில் கதவு விளிம்பு பதிந்து சிவந்திருந்தது. ஆள்காட்டி விரலில் ஒரு மரச்சிராய் ஆழமாக ஏறியிருந்தது.

"இதையாவது எடுக்கலாமா?" என்று கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலை நீட்டினாள். மன்றத்துக் கதவில் என்னைக் கைவைக்க அவள் விட்டது அந்தச் சிராய் ஒன்றில்தான்.