கேப்டனின் வடக்கு

மாமனாருக்கு இடது, வலது என்ற சொற்களே ஆகாது. "மாப்ள, உங்க கிழக்குக் கன்னத்துல பருக்கை ஒட்டியிருக்கு" என்பார். தான் எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம் என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டு முடிப்பதற்குள் பருக்கை தானே விழுந்துவிடும்.

மாமனார் ஒன்றும் கப்பலில் வேலை பார்த்தவர் இல்லை. ஜவுளிக்கடை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப்பை வாங்கி, அதன் டேஷ்போர்டு நடுவில் உருண்டையான ஒரு திசைகாட்டியையும் ஒட்டினார். ஜீப் எந்தத் திசையில் போகிறதோ, அதன் எழுத்து உருண்டையின் முகப்பில் வந்து நிற்கும். அன்று முதல் வீட்டில் அவர் பெயர் கேப்டன். வைத்தவர் மாமியார். மரியாதைக்காக வைத்ததல்ல.

கேப்டன் யாரிடமும் வழி கேட்க மாட்டார். போக வேண்டிய ஊர் வடக்கே என்றால் வடக்கே போவார். குறுக்கே குளம் வந்தால் அது குளத்தின் தப்பு. இதனால் குடும்பம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தல் பிரிக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரும். மாப்பிள்ளை ஒருமுறை கைப்பேசியில் வழி பார்த்துச் சொன்னதற்கு, "கையில வச்சிருக்கறதெல்லாம் கருவி ஆயிடாது மாப்ள, பின்னாடி உட்காருங்க" என்று பதில் வந்தது. பள்ளிக்கூடத்தில் மாப்பிள்ளை அறிவியல் வாத்தியார். ஜீப்பில் பின்சீட்டு மூட்டை.

ஆகவே, அப்பாவின் பிறந்தநாளுக்கு என்ன வாங்கலாம் என்று மனைவி கேட்டபோது வாத்தியார் யோசிக்கவே இல்லை.

"ஜீப் ரேடியோவை மாத்திடலாம். பெரிய திரை, அதுலயே மேப்பும் வரும், வழியும் சொல்லும்."

"பிறந்தநாள் அப்பாவுக்கா, உங்களுக்கா?" என்றாள் மனைவி.

பழைய ரேடியோவில் வருவது ஒரே ஒரு நிலையம்தான். அதுவும் கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவில். அதனால் கேப்டனும் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை: திசைகாட்டியின் மேல் யார் கையும் படக்கூடாது.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் டேஷ்போர்டைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்தார். "இது வயரிங் இல்ல சார், குருவிக்கூடு. சரி, திரைக்கு ஓட்டையைப் பெருசாக்கிக்கலாம். ஸ்பீக்கருக்குத்தான் இடமில்ல. கதவுல வச்சா கண்ணாடி இறங்காது."

வாத்தியார் டேஷ்போர்டின் நடுப்பெட்டியைத் தட்டிக் காட்டினார். "இங்க வைங்க. பெருசாவே வைங்க. அந்தம்மா வழி சொல்றது எங்க மாமா காதுல நல்லா விழணும்."

"நேர் மேல இந்த உருண்டை இருக்கே?"

"அதை மட்டும் தொட்டுடாதீங்க. தொட்டா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாங்க."

எலக்ட்ரீஷியன் தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அணைக்கட்டு ஏரியில் சூரியன் மறைவதைப் பார்க்கக் குடும்பமே கிளம்பியது. ரேடியோ கணீரென்று பாடியது. "பாடறவ மூச்சு விடறதுகூட கேக்குதே" என்று கேப்டன் மகிழ்ந்தார். திரையை இயக்க ஆள் வேண்டும் என்பதால் வாத்தியாருக்கு முதல்முறையாக முன்சீட்டு கிடைத்தது.

"நேரா வடக்கே போறோம்" என்றார் கேப்டன், உருண்டையைப் பார்த்து.

"இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்றது திரை. பரிசாக வந்ததாயிற்றே என்று கேப்டனும் தட்டவில்லை.

திரும்பினார்கள். உருண்டை வடக்கு என்றது. மறுபடி திரும்பினார்கள். அப்போதும் வடக்கு. கேப்டன் நெற்றியைச் சுருக்கினார். ரோடு ஒரு மேட்டில் ஏறியது. எதிரே கண் கூசும்படி சூரியன் ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. உருண்டை அசையாமல் வடக்கு என்றது.

பின்சீட்டிலிருந்து மாமியார் சொன்னார்: "உங்க அப்பாவுக்காக இன்னைக்கு சூரியன் வடக்கால மறையுதுடி."

மகள் சிரித்தாள். வாத்தியாரும் சிரித்தார். காரணம் கேட்பதுதான் அறிவியல் என்று வகுப்பில் முழங்குகிறவர், அன்று காரணம் கேட்கவில்லை. ஜெயித்தவன் எங்கே காரணம் கேட்கிறான்?

கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை. "கருவி கெட்டுப்போகாது மாப்ள. இவ்வளவு நாளா நான்தான் தப்பாப் பார்த்துட்டிருந்திருக்கேன் போல" என்றார். திரும்பும்போது சாவியை நீட்டினார். "நீங்களே ஓட்டுங்க."

மறுநாள் காலை மனைவி வெளிறிய முகத்தோடு வந்தாள். "என்னங்க, அப்பா என்கிட்ட இடது பக்கத்து டம்ளரை எடுன்னு சொன்னாரு. டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

அது தொடக்கம்தான். மூக்குக்கண்ணாடி எங்கே என்றால் "அந்தப் பக்கம் எங்கயோ" என்றார். வீதியில் நடக்கக்கூட மாமியாரின் பின்னால் போனார். வெள்ளிக்கிழமை ஜீப்பை வாங்க ஆள் பார்க்கச் சொல்லி எலக்ட்ரீஷியனுக்கு அவரே போன் போட்டுவிட்டார். "வழி தெரியாதவனுக்கு வண்டி எதுக்கு?"

மாமியார் அடுப்படியில் தனியாகச் சொன்னார்: "கேப்டன்னு கூப்பிட்டேன். திட்டக்கூட இல்ல. சரின்னு வந்தாரு."

சனிக்கிழமை காலை ஜீப்பை வாங்க ஆள் வரப்போவதாகத் தகவல் வந்தது. வாத்தியார் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டேஷ்போர்டின் மேல் மனைவியின் கொண்டை ஊசி ஒன்று கிடந்தது. துணியால் தள்ளினார். ஊசி நடுப்பெட்டிக்கு ஓடித் தொற்றிக்கொண்டது. பிடுங்கிக் கொஞ்சம் தள்ளி வைத்தார். மறுபடி ஓடியது, பள்ளி விட்ட பிள்ளை மாதிரி.

நேர் கீழே ஸ்பீக்கர். ஸ்பீக்கருக்குள் காந்தம். நேர் மேலே திசைகாட்டி.

வாத்தியார் துடைப்பதை நிறுத்தினார். அந்த வாரம்தான் ஒன்பதாம் வகுப்புத் தேர்வில் அவரே கேட்டிருந்தார்: 'திசைகாட்டியின் அருகே காந்தத்தை வைத்தால் என்ன ஆகும்?' இரண்டு மதிப்பெண். தப்பாக எழுதிய பையன்களை வரிசையாக எழுப்பி நிற்க வைத்திருந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. இனி ஆயுளுக்கும் முன்சீட்டுதான். சொன்னாலோ, ஆயுளுக்கும் இதையே சொல்லிக் காட்டுவார் மாமனார். வாத்தியார் ஊசியைப் பார்த்தார். ஊசி பெட்டியை விடுவதாக இல்லை.

உள்ளே போனார். கேப்டன் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மாமா, உங்க மேல தப்பில்ல. திசைகாட்டி மேலயும் தப்பில்ல. ஸ்பீக்கர்ல இருக்கிற காந்தம் அதைப் பிடிச்சு வச்சிருக்கு. இடம் காட்டினது நான்தான்."

கேப்டன் எழுந்து வந்து, ஊசியைத் தானே இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்:

"நீங்க பள்ளிக்கூடத்துல எந்தப் பாடம் மாப்ள?"

"அறிவியல், மாமா."

"பிள்ளைங்க பாஸ் ஆகுதா?"

அதற்குள் எலக்ட்ரீஷியன் ஆளோடு வந்து சேர்ந்தார். "ஜீப்பு விக்கறதுக்கில்ல. வந்ததுக்கு டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார் கேப்டன். "அந்த ஸ்பீக்கரை மட்டும் எடுத்து வண்டியோட கடைசிக்குக் கொண்டுபோயிடுங்க. மாப்ள, நீங்க கொஞ்சம் தெற்கே நகருங்க, வெளிச்சத்தை மறைக்கறீங்க."

ஜன்னலில் நின்ற மனைவி நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். எது தெற்கு என்று தெரியாமல் வாத்தியார் இரண்டு பக்கமும் நகர்ந்தார்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் ஏரிக்குக் கிளம்பினார்கள். ரேடியோ இப்போது மாமியாரின் முதுகுக்குப் பின்னாலிருந்து பாடியது. வாத்தியார் பழையபடி பின்சீட்டில், மடியில் சாப்பாட்டுக் கூடையோடு. ஏரி மேற்கே என்று உருண்டையைப் பார்த்த கேப்டன், நல்ல தார் ரோட்டை விட்டுவிட்டு மேற்கே ஒரு வண்டித்தடத்தில் ஜீப்பை இறக்கினார். ஜீப் குதித்தது. கூடை குதித்தது.

"தவறான பாதை. தயவுசெய்து திரும்பிச் செல்லவும்" என்றது வழிகாட்டி. சற்றுப் பொறுத்து மறுபடியும் சொன்னது. மறுபடியும்.

மாமியார் திரும்பி ஸ்பீக்கரைப் பரிவோடு தட்டிக்கொடுத்தார்.

"நீ இப்பத்தானம்மா வந்திருக்க" என்றார். "போகப் போகப் பழகிடும்."