பார்த்துவிட்டுப் போடும் கையெழுத்து

இங்கேயும் கையை விரிக்கத்தான் போகிறார்கள் என்று தெரிந்தேதான் டெலீனா ராட்லிஃப் அந்த டயாலிசிஸ் நிலையத்தின் கதவைத் தள்ளினாள். கென்டக்கி மலைப்பக்கத்தில் வேலை கேட்டு அவள் ஏறி இறங்காத முதியோர் இல்லம் இல்லை. பதினெட்டு வருட நர்ஸ் என்றதும் எல்லாருக்கும் வாயெல்லாம் பல். நர்ஸ் வாரியத்தின் கண்காணிப்பில் இருப்பதைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு எங்கே போய் ஒளியுமோ தெரியாது. அப்புறம் ஒரு போன்கூட வராது.

வாரியத்தின் நியாயம் அதைவிட அழகு. தினமும் காலையில் போன் போட்டுக் கேட்க வேண்டும். இன்று உன் முறை என்றால் போட்டது போட்டபடி ஓடிப்போய், ஒருத்தி நின்று பார்க்க, போதைச் சோதனைக்குக் கோப்பையில் சிறுநீர் கொடுக்க வேண்டும். இத்தனை செய்தாலும் நர்ஸாக வேலை பார்த்த மாதம்தான் கண்காணிப்புக் காலக் கணக்கில் சேரும். இந்த வருடத்துக்குள் வேலை கிடைக்காவிட்டால் உரிமமே போய்விடும். வேலை தேடு என்பதும் அவர்கள்தான், யாரும் வேலை கொடுக்காதபடி அவள் பெயரில் முத்திரை குத்தியதும் அவர்கள்தான்.

உள்ளே மேலாளர் நாற்காலியில் பாம் கிரேடி உட்கார்ந்திருந்தாள். பழைய மருத்துவமனையில் டெலீனாவோடு ஒரே வார்டில் வேலை பார்த்தவள்.

"கேள்விப்பட்டேன் கண்ணு. மனசே சரியில்ல," என்றாள் பாம். "ஆனா இங்க நம்பிக்கைதானே எல்லாம்."

"இங்க போதை மருந்து அலமாரியே கிடையாதே. எதத் திருடப்போறேன், உப்புத் தண்ணியவா?"

"நான் அப்படிச் சொல்லல."

"சுத்தமா இருக்கேன்னு ருசு காட்ட இந்தக் கட்டடத்துல என் ஒருத்தியாலதான் முடியும். உன்னால முடியுமா?"

பாம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

சாத்தக் காரணம் இருந்தது. ஊசியில் மிஞ்சும், போதை தரும் வலி மருந்தை இன்னொரு நர்ஸ் பார்க்கக் கொட்டிவிட்டு, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அந்த வார்டில் யாருக்கு நேரம்? "நீ கொட்டிட்டதா வச்சுக்கறேன்" என்று பாம் ஓடுகிற ஓட்டத்தில் சாட்சிக் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போவாள். எல்லாரும் அப்படித்தான். முதுகு வலியில் துடித்துக்கொண்டிருந்த டெலீனா ஒரு நாள் மிஞ்சியதைக் கொட்டவில்லை, தனக்கே ஏற்றிக்கொண்டாள். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. கடைசியில் தானே போய் ஒப்புக்கொண்டாள். சாட்சிக் கையெழுத்தைப் பற்றிக் கேட்டபோது, தண்ணீரைக் கொட்டிக் காட்டி பாமை ஏமாற்றியதாகச் சொல்லிவிட்டாள். அந்தப் பொய்யால் பிழைத்தவள்தான் இப்போது நம்பிக்கையைப் பற்றிப் பாடம் நடத்துகிறாள்.

"நீ அன்னிக்கு என்னக் காப்பாத்துனத நான் மறக்கல," என்றாள் பாம், குரலைத் தாழ்த்தி. "திங்கக்கிழமை வந்துடு. மேலிடத்துல நான் பேசிக்கிறேன்."

 டெலீனா பையிலிருந்து வாரியத்தின் தாள்களை எடுத்து வைத்தாள். மேலாளர் கூடவே இருந்து அவள் வேலையைப் பார்த்து, மாதாமாதம் எழுதிக் கையெழுத்திட வேண்டிய அறிக்கைகள்.

பாம் பேனாவை எடுத்தாள். "கூடவே நின்னு பாக்க எனக்கு எங்க நேரம்? கொண்டா, எல்லாத்துலயும் இப்பவே போட்டுத் தந்துடறேன். தேதிய நீ எழுதிக்கோ."

நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் டெலீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிடைத்த ஒரே வேலை. வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டால் உரிமம் தப்பும். அவள் தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எடுத்தது என் கைதான். உன்மேல பழி போடல. ஆனா அன்னிக்கு நீ ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தா நான் மாட்டியிருப்பேன் பாம், ஆரம்பத்துலயே. இந்தத் தடவ பாத்துட்டுப் போடு. நேரமில்லன்னா எனக்கு இந்த வேலையே வேணாம்."

பாமின் முகம் சிவந்துபோனது. பேனாவை மூடினாள். சுவரில் மாட்டியிருந்த ஷிஃப்ட் பட்டியலைப் பார்த்தாள்.

"காலைல ஆறு மணி ஷிஃப்ட்," என்றாள் கடைசியில், வெடுக்கென்று. "நானும் அதுக்கே மாறிக்கிறேன்."

டெலீனா முதல் மாதத்துத் தாளை மட்டும் வெறுமையாக அவள் முன்னால் வைத்தாள். மற்றவற்றைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.