பாலம் ஏறினால் எரிகிற விளக்கு

மூன்று வாரத்தில் நான்காவது தடவையாக அந்தக் காரின் பானெட்டைத் தூக்கிய கிருஷ்ணப்பனுக்கு, அதைப் படார் என்று மூடிவிட்டு எங்காவது போய்விடலாமா என்றிருந்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் காலையிலிருந்து நகராமல் நின்றன. அந்தப் புகையெல்லாம் அவன் மெக்கானிக் ஷெட்டுக்குள் வந்து தொண்டையில் உட்கார்ந்தது.

"இன்னாண்ணா, பாத்துகினே கீற?" என்றாள் செங்கொடி.

"யோசிக்கிறேன்மே."

"மூணு வாரமா யோசிச்சுகினு கீற."

வியாசர்பாடிக்காரி. அந்தப் பழைய பெட்ரோல் காரை அத்திப்பட்டு அனல் மின்நிலையத்தில் ஒரு ஒப்பந்தக் கம்பெனிக்கு ஓட்டுகிறாள். காலையில் இன்ஜினியர்களை ஏற்றிப் போக வேண்டும், சாயங்காலம் கொண்டுவந்து விட வேண்டும். போன மாசம் வேறொருத்தன் வண்டி அவர்களை வைத்துக்கொண்டு ரயில்வே கேட்டில், நடுத் தண்டவாளத்தில் நின்றுபோனது. அதிலிருந்து, டாஷ்போர்டில் இன்ஜின் கோளாறு விளக்கு எரிகிற வண்டி எதுவும் வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. இன்று நாலு மணிக்கு சோதனை. சூப்பர்வைசர் சவரிநாதன் தானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஆற்றுப் பாலம் வரை போய் வருவார். விளக்கு எரிந்தால் அவள் இடத்துக்கு வேறு வண்டி. அந்த வண்டிக்காரன் இப்போதே கம்பெனி கேட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருப்பான்.

விளக்கை அணைக்கத் தெரியாமல் இல்லை. பெரம்பூரில் ஒரு கடையில் கெஞ்சி வாங்கிவந்த, இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரைச் சொருகி ஒரு பட்டனை அமுக்கினால் அணையும். மூன்று தடவை அணைத்து அனுப்பினான். மூன்று தடவையும் பாலம் ஏறும்போது மஞ்சளாக எரிந்தது.

"லீன்னு வருது" என்றான் ஸ்கேனரைப் பார்த்து. "லீன்னா இளச்சுப் போச்சு. பெட்ரோல் பத்தல."

"பங்க்கு மாத்தியாச்சு. பம்பு மாத்தியாச்சு. இன்ஜெக்டர கழட்டி கழுவியாச்சு. இன்னும் என்னியத்தான் மாத்தல" என்றாள்.

"உன் மிதியும் ஒண்ணு கீது. பாலத்துல ஒரே மிதியா மிதிச்சா எந்த வண்டிதான் தாங்கும்?"

"மெதுவா போனா பின்னால வர்ற கன்டெய்னர் டிக்கில ஏறிடுவான். நீ ஒரு நாள் ஓட்டிப் பாரு, தெரியும்."

கிருஷ்ணப்பன் ஸ்கேனரை முறைத்தான். பதினாலு வயசில் ராயபுரத்தில் லாரிக்கு அடியில் படுத்து வேலை கற்றவன். லாரிக்கு நோவு என்றால் காதுக்குத் தெரியும், கைக்குத் தெரியும். இது என்னடா என்றால் ஒரு நம்பரைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. பெட்ரோலைக் கால்வாசி கூட்டி ஊற்றுகிறேன், அப்பவும் பத்தவில்லை என்று அந்தக் கம்ப்யூட்டர் டப்பா சொல்கிறது. பம்பு புதுசு. அழுத்தம் சரி. அப்புறம் எங்கே போய்த் தொலைகிறது பெட்ரோல்? ஸ்பேனரைத் தரையில் எறிந்தான். அது டயருக்கு அடியில் போய் விழுந்தது. அதைக் குனிந்து எடுக்க வேண்டியதும் அவன்தான்.

"கொழம்பு தண்ணியா கீதுன்னா, பருப்பு கம்மின்னே ஏன் நெனைக்கிற?" என்றாள் செங்கொடி, மணியைப் பார்த்துக்கொண்டே. "தண்ணி ஜாஸ்தியா ஊத்தியிருந்தா?"

"இன்ஜின்ல எங்கமே தண்ணி?"

"காத்து போவுதில்ல?"

குனிந்தவன் அப்படியே நின்றான். பிறகு ஒரு பீடியைப் பற்ற வைத்து, ஓடுகிற இன்ஜினின் காற்றுக் குழாய் நெடுக அதன் புகையைக் காட்டிக்கொண்டே போனான். எங்காவது விரிசல் இருந்தால் புகை உள்ளே இழுபடும். ஒரு இடத்திலும் இழுபடவில்லை.

"ஓட்டை இல்ல" என்றான் எரிச்சலோடு. "மிதி."

அவள் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தாள். இன்ஜின் கத்தியது. ஆனால் உள்ளே போகிற காற்றின் அளவு ஸ்கேனரில் சோம்பேறித்தனமாகத்தான் ஏறியது. இவ்வளவு கத்துகிற இன்ஜின் இவ்வளவு கொஞ்சமாகவா மூச்சு விடும்? காற்றை அளக்கிற சென்சார் குறைத்துச் சொல்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலையும் குறைத்து அளக்கிறது; அப்புறம் கால்வாசி கூட்டியும் பத்தவில்லை.

ரெண்டு திருகைக் கழற்றி சென்சாரை வெளியே இழுத்தான். உள்ளே தலைமுடி மாதிரி ஒரு கம்பி. அதன் மேல் பழுப்பாக, பிசுபிசுவென்று ஒரு படலம், அதில் ஒட்டிய கரித்தூசு. மூக்குக்கு அருகே கொண்டுபோனான். இன்ஜின் ஆயில்.

ஏர் பில்டர் மூடியைத் திறந்து பார்த்தான். எண்ணெய் வேறெங்கிருந்தும் வரவில்லை. அத்திப்பட்டு ரோட்டில் ஒரே கரித்தூசு என்று அவள் ஒன்றரை மாசத்துக்கு முன்னால் சொன்னபோது, லாரிக்குச் செய்கிற மாதிரி, காற்றை வடிகட்டுகிற அந்த பில்டரில் பிரஷ்ஷால் எண்ணெய் தடவிவிட்டவன் அவனே. தூசு எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும், ஒரு பொடி உள்ளே போகாது என்று பெருமையாகச் சொன்னான். பழைய லாரிகளில் காற்று எண்ணெய்க் கிண்ணத்தில் பட்டுத்தான் உள்ளே போகும். அவற்றில் இந்த முடிக் கம்பி கிடையாது. விளக்கு எரிகிறது என்று அவள் வந்த மூன்று தடவையும், சும்மா அனுப்பக் கூடாதென்று இன்னொரு பூச்சு பூசி அனுப்பியிருக்கிறான்.

"இன்னாச்சு?" என்றாள்.

"அழுக்கு" என்றான்.

பக்கத்து செல்போன் ரிப்பேர் கடையில் போர்டு துடைக்கிற ஸ்பிரிட் வாங்கிவந்து கம்பியில் சொட்டுச் சொட்டாக விட்டுக் காய வைத்தான். எண்ணெய் குடித்த பில்டரை அவள் கண்ணில் படாமல் பீப்பாய்க்குப் பின்னால் எறிந்தான். புது பில்டர் போட்டு, விளக்கை அணைத்து, அவளோடு வண்டியில் ஏறிக்கொண்டான்.

வண்டி பாலம் ஏறி இறங்கியது. விளக்கு எரியவில்லை. ஒரு தடவை எரியாததை நம்ப அவள் தயாராக இல்லை.

கம்பெனி கேட்டில் சவரிநாதன் சாவியை வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போனார். செங்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எரிஞ்சா எல்லாம் போச்சு" என்றாள். "என் மிதிதான் சரியில்லையோன்னு ராவெல்லாம் தூங்கலண்ணா. செருப்பக் கழட்டிட்டு வெறுங்கால்ல ஓட்டிப் பாத்தேன்."

கிருஷ்ணப்பன் ரோட்டைப் பார்த்தான்.

"உன் மிதி இல்லமே."

"பின்ன?"

"பில்டருக்கு எண்ணெ தடவுனேன் இல்ல. அது போய் சென்சார்ல ஒட்டிகிச்சு."

அவள் திரும்பினாள். "எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"மத்தியானம்."

"அழுக்குன்ன."

"ம்."

"ம்முன்னா?"

அவள் ரெண்டடி தள்ளிப் போய் நின்றாள். டீக்கடை வாசலில் அவள் இடத்துக்குக் காத்திருந்த அந்த வண்டிக்காரன் கண்ணாடி டம்ளரை அலசிக் கவிழ்த்தான்.

கார் வந்து நின்றது. சவரிநாதன் இறங்கி, "ஓகே, இன்ஜினியருங்கள ஏத்திக்க" என்று சாவியை நீட்டினார். "மெக்கானிக்கு யாரு? நல்ல கையாத்தான் புடிச்சிருக்க."

செங்கொடி சாவியை வாங்கிக்கொண்டாள். "கைக்கு இன்னா கொறச்சல் சார்" என்றாள். "எண்ணெ வழியுது."

அவர் புரியாமல் சிரித்துவிட்டுப் போனார். அவள் வண்டியில் உட்கார்ந்து கதவை அடைத்தாள். கிருஷ்ணப்பன் முன் கதவில் கை வைத்தான். அது பூட்டியிருந்தது.

"நான் எப்படிமே போறது?"

"காத்து வாங்கிகினே நட."

இன்ஜினியர்களை ஏற்ற வண்டி கேட்டுக்குள் போனது. அவன் பாலத்தை நோக்கி நடந்தான். நிலக்கரி லாரிகள் அவன் மேல் தூசியை வாரி இறைத்துக்கொண்டு போயின. பாலத்தில் அவளுடைய கார் அவனைக் கடந்தது. அவள் ஒரே மிதியாகத்தான் மிதித்தாள்.